பேச்சு மட்டும் வாணாம்

பாப்பா,

கல்யாணத்துக்குப் பிறகு வந்த தலையாடி முடிந்து நீ பாகூருக்குத் திரும்பிப் போனபிறகும் உன் மேசைமேல் இருந்த ஒயர்களை நான் கழற்றவில்லை. உங்கப்பா போகும்போதும் வரும்போதும் அறைக்குள் எட்டிப் பார்த்து, கடை லேப்டாப்பை எப்போது தருவாய், பில்லைக் கையால் எழுதி விரல் வீங்கிப்போச்சு என்று புலம்பிக்கொண்டே இருந்தார். இன்று காலையில்தான் மனம் வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ "சரிம்மா" என்பாய், "வைக்கட்டாம்மா" என்பாய். இப்போதெல்லாம் உன் பேச்சு அவ்வளவுதான். எழுதியதை நம் கடைக்கு வருகிற மாதப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றுகூட இருக்கிறேன். உன் பெயரும் போடவில்லை, என் பெயரும் போடவில்லை. குரல்தானே வெளியே போகக் கூடாது என்றார்கள், எழுத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

அந்த லாரி ஓட்டுகிற கேமை நீ பிடித்துக்கொண்டபோது காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். கடையில் பில் போட்டுப் போட்டுத் தேய்ந்துபோன பழைய கம்ப்யூட்டரை உன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாய். ஏதோ வெளிநாடு, பனி கொட்டுகிற ரோடு, வீடு மாதிரி ஒரு லாரி. அதில் நீ நம் மதகடிப்பட்டிலிருந்து விழுப்புரம் போகிற மாதிரியே பேசிக்கொண்டு போவாய். எவனோ வெள்ளைக்காரன் காரைப் பார்த்து, "இன்னாபா, கரும்பு டிராக்டரு மாரி நடு ரோட்ல போற, ஓரம் போ" என்று அதட்டுவாய். எனக்கு முதலில் பயம்தான் வந்தது. பிள்ளை தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறதே, கூட்டிப்போய் மந்திரிக்கலாமா என்றுகூட உங்கப்பாவிடம் கேட்டேன். நீ அதை வீடியோவாக எடுத்து நெட்டில் போடுகிறாய் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த வீடியோ எடுப்பதற்குத்தான் எத்தனை பாடு பட்டாய். பதிவு செய்கிற சாஃப்ட்வேரைப் போட்டால் கேம் விக்கி விக்கி ஓடும். கேம் ஒழுங்காக ஓடினால் வீடியோ கட்டம் கட்டமாக உடைந்து வரும். ஒன்றைப் போட்டுப் பார்த்து அழிப்பாய், இன்னொன்றைப் போடுவாய். ஒன்று நன்றாக எடுத்துவிட்டு, படத்தின் மூலையில் தன் பெயரைப் பெரிதாக எழுதி வைக்கும். இன்னொன்று பாதியில் நின்றுகொண்டு காசு கட்டு என்று சொல்லும். ஒருநாள் நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்னடி ஆச்சு என்று கேட்டேன். எனக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னாய்: கேமை ஓட்டுவதும் பதிவு செய்வதும் ஒரே மெஷின், அதனால் தாங்கவில்லை என்று. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஒரே மோட்டாரில் இரண்டு லைன் இழுத்து, நெல்லுக்கும் கரும்புக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் இரண்டிலும் பிரஷர் வராது. இத்தனை வருஷம் மோட்டாரும் பைப்பும் விற்கிறவளுக்கு இதையா சொல்லித் தரவேண்டும். அப்போது இன்னொரு மோட்டார் போடு என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதற்குத்தான் கேப்சர் கார்டு என்று ஒரு டப்பா இருக்கிறது என்றாய். கேம் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், படம் ஒயர் வழியாக டப்பாவுக்குள் போய் இன்னொரு கம்ப்யூட்டரில் பதிவாகும். கடைசியில் உங்கப்பா டப்பா வாங்கவில்லை, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட புதுக் கம்ப்யூட்டரையே வாங்கித் தந்தார். அந்தக் கார்டே பதிவு வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும், இனிமேல் இலவச சாஃப்ட்வேரே போதும் என்று எனக்கு ஓட்டிக் காட்டினாய். கேம் சத்தம் ஒரு ட்ராக்கில், மைக்கில் நீ பேசுவது இன்னொரு ட்ராக்கில். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் கேட்கலாம். லாரி சத்தமே இல்லாமல் உன் குரலை மட்டும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஏன் கேட்டேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று விழிக்கிற பிள்ளை நீ. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாய். உன் சொந்த அத்தை வந்து என்ன படிக்கிறாய் என்று கேட்டால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த மைக்குக்கு முன்னால் மட்டும் நீ வேறு பெண். வம்பு இழுப்பாய், பாட்டு எடுத்து விடுவாய், லாரி கவிழ்ந்தால் ஒப்பாரி வைப்பாய். கடையில் போனைச் சாய்த்து வைத்து உன் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டுதான் நான் பைப் அளப்பேன். காட்டேரிக்குப்பத்திலிருந்து வருகிற ஒரு கரும்புக்காரர், யாருக்கா இது நம்ம பக்கத்துப் பொண்ணு மாதிரியே பேசுது என்று நின்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வாய் நமநமவென்று இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. உன்னிடம் வந்து சொன்னபோது நீ கட்டிலில் ஏறிக் குதித்தாய்.

அப்புறம் பாகூர் சம்பந்தம் வந்தது. நெல் மண்டிக்காரர்கள், மரியாதையான குடும்பம், மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை, குடி கிடையாது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோபப்படுவதற்குக்கூட அங்கே ஒரு ஆள் இல்லை பாப்பா. சீர் பேசுகிறபோது உங்கப்பா பீரோ, கட்டில் என்று சொல்லிக்கொண்டே வந்து கம்ப்யூட்டரையும் சொன்னார். உன் மாமியார் ரொம்பச் சாந்தமாகத்தான் பேசினார். "கம்ப்யூட்டரு வரட்டும், வெளையாடட்டும், எங்களுக்கு ஒண்ணும் இல்ல. பேச்சு மட்டும் வாணாம். நாளைக்கி மண்டிக்கி வர்றவன், உம் மருமவ கொரலு கேட்டேன்னு சொல்லக் கூடாது பாரு." அவருடைய சொந்தத்தில் யாரோ உன் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். உங்கப்பா என்னைப் பார்த்தார். நான் காபி எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து உன்னிடம், சரின்னு சொல்லிடு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம் என்றேன். நீ வெளியே போய், "சரிங்கத்தே" என்றாய்.

அப்படிச் சொல்லச் சொன்னதற்கு எனக்கு ஒரு கணக்கு இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே மாதிரி ஒரு பேச்சு நடந்தது. எங்க வூட்டுப் பொம்பளைங்க கடையில உக்கார மாட்டாங்க என்றார் உங்கப்பாவின் அம்மா. நானும் தலையைத் தலையை ஆட்டினேன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உங்கப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்து பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். நடவு நேரம், மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வரிசையில் நிற்கிறது, கடை பூட்டிக் கிடக்கிறது. என் மாமியாரே சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, போய் உக்காரும்மா என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள் இன்றைக்கு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நம் ஜனங்கள் நிச்சயதார்த்தத்தில் எதற்கும் தலையாட்டுவார்கள், அப்புறம் காலம் பார்த்து அவரவர் இஷ்டப்படி நடந்துகொள்வார்கள் என்றுதான் நான் நம்பினேன். உனக்கும் அப்படித்தான் நடக்கும் என்று இருந்தேன்.

மாசியில் கல்யாணம் முடிந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்துச் சீர்வரிசையோடு வேனில் ஏற்றிய கம்ப்யூட்டர் பாகூரில் நல்லபடியாகவே இருந்தது. மாப்பிள்ளையே ஒயர் மாட்டிக் கொடுத்தார் என்று சொன்னாய். நீ வீடியோ போட்டாய். நான் ஆசையாகக் கடையில் ஓடவிட்டேன். லாரி ஓடுகிறது, மழை பெய்கிறது, வைப்பர் போகிறது, வருகிறது. நீ இல்லை. போனில் ஏதோ கோளாறு என்று சத்தத்தை ஏற்றினேன், லாரிதான் இன்னும் கத்தியது. அடுத்த வீடியோவும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. கீழே ஆட்கள் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். அக்கா உடம்பு சரியில்லையா என்று கொஞ்சப் பேர் கேட்டிருந்தார்கள். சில வாரத்தில் அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். எவனோ ஒருத்தன், இப்போதுதான் தொந்தரவு இல்லாமல் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். அவன் கையில் கிடைத்திருந்தால் பைப்பாலேயே இரண்டு போட்டிருப்பேன்.

போனில் உன்னைக் கேட்டேன், ஏன்டி பேசவே மாட்டேங்கிறாய் என்று. மாமியார் சொன்னதை நீ எடுக்கவே இல்லை. மைக்கில் இரைச்சல் வருகிறது என்றாய், சாஃப்ட்வேர் சரியில்லை, மாற்ற வேண்டும், மெஷினும் சூடாகிறது என்றாய். நான் அதை அப்படியே நம்பினேன் பாப்பா. மெஷின் கோளாறு என்றால் எனக்குத் தெம்பு வந்துவிடும், அதைச் சரிசெய்துவிடலாமே. தினமும் மோட்டார் ஓடவில்லை என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு வழி சொல்லி அனுப்புகிறவள் நான். ஆடிக்கு நீ வரப்போகிறாய், அப்போது இந்த வீட்டில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாகூரில்தானே பேசக் கூடாது, ஆடி மாசம் முழுக்க நீ எங்கள் வீட்டுப் பெண். யார் கேட்பது?

பாண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும் பேரனுக்கா என்று கேட்டான். லாரி ஓட்டுகிற என் மகளுக்கு என்றேன், அவன் முழித்தான். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, கேமை ஓட்டும், பதிவையும் சேர்த்துத் தாங்காது என்று சொன்னேன். அவன் லேசான சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது, அது போதும் என்றான். வேண்டாம் தம்பி, எப்படிப்பட்ட சாஃப்ட்வேரும் அதே மெஷின் முதுகில்தானே ஏறும் என்றேன். தானாகவே மெமரி கார்டில் பதிவு செய்துகொள்கிற டப்பா ஒன்றைக் காட்டினான். மைக் குரலைத் தனி ட்ராக்கில் எடுக்குமா என்று கேட்டேன், அது எல்லாவற்றையும் கலந்துதான் எடுக்கும் என்றான். அதையும் ஒதுக்கினேன். கடைசியில் லேப்டாப்பில் சொருகுகிற கேப்சர் கார்டும், இரைச்சல் எடுக்காத மைக் என்று அவன் சத்தியம் பண்ணிய ஒரு மைக்கும் வாங்கினேன். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்கு அத்தனை சந்தோஷம். உனக்கு வளைகாப்புக்கு வளையல் வாங்கப் போகிற அன்றைக்குக்கூட அப்படி இருக்குமா என்று தெரியாது.

நீ வந்தாய். மெலியவில்லை, முகம் தெளிவாகத்தான் இருந்தது. டப்பாவைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டாய். பழைய கம்ப்யூட்டரில் கேம், அதிலிருந்து ஒயர் டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து கடை லேப்டாப்புக்கு, மைக்கும் லேப்டாப்பில். எல்லாம் நீயே மாட்டினாய். ஆடி வெள்ளி, கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், புனல் குழாய் நம் தெருவைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. நான் ரேடியோ செட்டுக்காரனிடம் போய்ச் சண்டை போட்டு, குழாயைக் குளத்தங்கரைப் பக்கம் திருப்ப வைத்தேன். சாமி காரியத்தில் குறுக்கே வருகிறாயே என்று நாட்டாமைக்காரர் முறைத்தார், முறைக்கட்டும் என்று வந்துவிட்டேன். மிக்சி போடவில்லை, குக்கர் வைக்கவில்லை, வடித்த சோறுதான் அன்றைக்கு. உங்கப்பாவைக் கடையிலேயே சாப்பிடச் சொல்லிவிட்டேன். உன் கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் யார் வந்தாலும் நானே எழுந்துபோய் அடக்கினேன்.

நீ வெகுநேரம் ஓட்டினாய். கதவுக்குள்ளிருந்து லாரி சத்தம் வந்தது. மறுநாளும் வந்தது, நானும் வாசலிலேயே காவல் இருந்தேன். அதற்கடுத்த நாள் நான் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுடி, இங்க உன்ன யாரு கேக்கப் போறாங்க என்றேன். நீ கேமை நிறுத்தினாய். மைக்கைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாய், "வர்லம்மா. இன்னா பேசுறதுன்னே தெரியல." அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். நீ சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்பது போலச் சொல்லிவிட்டு மறுபடியும் லாரியை எடுத்தாய்.

மைக்கில் இரைச்சலும் இல்லை, மெஷினில் சூடும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் தலையாட்டிய மாதிரிதான் நீயும் தலையாட்டினாய், எனக்கு மட்டும் எப்படித் திரும்பக் கிடைத்தது? என்னைக் கடையில் உட்காரவைத்தது என் சாமர்த்தியம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணாங்கட்டி. உங்கப்பாவுக்குக் காமாலை வந்தது, கடைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். உன் பேச்சு யாருக்குத் தேவை? மண்டிக்குத் தேவையில்லை, மாப்பிள்ளைக்குத் தேவையில்லை, அது இல்லாமலே அந்த வீடு சுகமாக நடக்கிறது. சாவியைக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்க அங்கே யாரும் வரப்போவதில்லை. காலம் பார்த்துக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது சுத்தமாகத் தப்பு.

ஆனாலும் உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு யோசனை இருந்தது, அதற்குத்தான் காலையில் பேனாவை எடுத்தேன். வீடியோவை இப்போது போடுகிற மாதிரியே ஊமையாகப் போடு, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பதிவு செய்யும்போது மட்டும் மைக்கை அணைக்காதே. மாப்பிள்ளை வேலைக்குப் போனபிறகு, மாமியார் மண்டிக்குப் போனபிறகு, மெதுவாகவாவது பேசு. அது தனி ட்ராக்கில் இருந்துவிட்டுப் போகட்டும், வெளியே போடுகிறபோது அதை எடுத்துவிடு, எனக்கு மட்டும் அனுப்பு. அதனால் என்ன சாஃப்ட்வேர் மாற்றினாலும், என்ன டப்பா வாங்கினாலும், மைக்குக்குத் தனி ட்ராக் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இப்படித்தான் எழுதி முடிப்பதாக இருந்தேன்.

இப்போது மத்தியானம். பில் போட லேப்டாப்பைத் திறந்தால் நீ பதிவு செய்தது அதில் அப்படியே கிடக்கிறது. ஆடி வெள்ளிக்கு மறுநாள் எடுத்ததைத் திறந்தேன். முதல் ட்ராக்கில் லாரி. ஒருவேளை எனக்குத்தான் வெளியே கேட்கவில்லையோ, நீ வாய்க்குள்ளேயாவது ஏதாவது சொல்லியிருப்பாயோ என்று ஒரு நப்பாசை. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீ சொல்லிக்கொடுத்தபடி இரண்டாவது ட்ராக்கை வைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றினேன். நாற்காலி கிறீச்சிடுகிறது. நீ கீபோர்டைத் தட்டுவது கேட்கிறது. ஒரு தடவை மூக்கை உறிஞ்சுகிறாய். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பதிவு முடியப்போகிற இடத்தில் தெருக்கோடியிலிருந்து மீன்காரம்மா கூவிக்கொண்டு வருகிறார், கூடவே என் குரல், எத்தனை பெரிய தொண்டை எனக்கு: "த்தே, மீன்காரம்மா, இந்தத் தெருவுல கூவாத, அப்பால போ. எங்க பாப்பா உள்ள பேசிக்கினு இருக்கா."